பல் தடம் பதிந்த சாக்ஸபோன்

அம்மாடி வனஜா,

நாளைக் காலை வண்டியில் பக்கத்து வீட்டுச் சுப்பிரமணி சென்னைக்குக் கிளம்புகிறான். அவனிடம் ஒரு நீளப் பெட்டி கொடுத்து அனுப்புகிறேன். பெட்டியைத் திறப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு. திறந்துவிட்டால் முகம் சுண்டிப்போய் மூடி வைத்துவிடுவாய், பிறகு நான் எழுதியது எதுவும் உள்ளே ஏறாது. நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். நீ மராட்டியும் இங்கிலீஷும் படித்த பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஆகவே நாம் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போகலாம், அவசரமில்லை. அவசரமில்லை என்று எழுதுகிறேனே தவிர எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தச் சில வரிகள் எழுதுவதற்குள் எழுந்து போய்ப் பெட்டியின் கொக்கியை அழுத்திப் பார்த்தேன், வாசலுக்குப் போய்ச் சுப்பிரமணி வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். பகல் வேளையில் விளக்கு ஏன் எரியும் என்று உன் அம்மா சிரிக்கிறாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோயில் பின்பக்கம் நடக்கிற மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை. எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் டீச்சர், "வகுப்பில எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். காட்டலாம் என்று இருக்கிறேன். பிள்ளைக்கு முதல் கருவி வாங்கப் போகிற யாருக்காவது உதவட்டும். பேனா தாளில் உரசிக்கொண்டு போகிற சத்தம் எனக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கிறது. கவலையான விஷயத்தை எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை என்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

நாம் முதலில் வாங்கிய கருவியை நினைத்துப் பார். நம் ஊர்க் கேம்ப் பகுதியில் நீ படித்த சங்கீத வகுப்பில் கிளாரினெட் போல நேராக இருக்கும் சாக்ஸபோன் ஒன்றே ஒன்று இருந்தது. சோப்ரானோ என்பார்கள். பிள்ளைகள் நீங்கள் அதை முறை வைத்து ஊதினீர்கள். சென்னையில் சங்கீதக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது சொந்தக் கருவி வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுப் புதுக் கருவி நம் கைக்கு எட்டாது. அப்போதுதான் வானவடியில் ஒரு பழைய பட்டாளத்துக் குடும்பம் பங்களாவைக் காலி செய்கிறது, சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். நீல வெல்வெட் பெட்டிக்குள் அது படுத்திருந்தது. தாத்தா காலத்துப் பட்டாள பேண்டில் இருந்தது என்பதற்கு மேல் அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. தோட்டாத் தொழிற்சாலையில் நான் வேலை செய்தது முழுவதும் பித்தளையோடுதான். மருந்து நிரப்பாத தோட்டா உறைகளைக் கண்ணாடிப் பலகையில் உருட்டி, மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்புப் பொட்டு வைத்து ஒதுக்குகிற வேலை. அந்தக் கண்ணோடுதான் அன்றைக்குப் பார்த்தேன். உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். ஒரு கீறல் இல்லை, ஒரு நெளிவு இல்லை, பூச்சு எங்கும் தேயவில்லை. நீ காலியான கூடத்தில் நின்று ஊதினாய். சுவரெல்லாம் கூடப் பாடியது. அந்த வீட்டம்மாள் கை தட்டினாள். பஸ்ஸில் வரும்போது பெட்டியைப் பாதி என் மடியிலும் பாதி உன் மடியிலும் வைத்துக்கொண்டு வந்தோம். நீ சென்னைக்குக் கிளம்பும் வரை தினமும் மாலையில் தனியாக ஊதினாய். தெருவே கேட்டது. கூட வாசிக்க மட்டும் யாரும் இல்லை. அது எங்களுக்கோ உனக்கோ ஒரு குறையாகத் தோன்றவில்லை.

பிறகு நீ போன் செய்தாய். "அப்பா, நான் ஊதினா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்றாய். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாக்கட்டுமே அம்மாடி, அவ்ளோ நல்லா ஊதற" என்றேன். "ஐயோ அப்பா, அது இல்ல. எல்லாரோடயும் சேந்து ஊதறப்ப என்னுது மட்டும் பேசுரா, சுருதி சேராம போவுது" என்று அழுதாய். உங்கள் மாஸ்டர் சொன்னதை விளக்கினாய். அந்தக் காலத்துப் பட்டாள பேண்டுகள் இன்றைக்கு இருப்பதைவிட உயர்ந்த சுருதியில் வாசித்தார்களாம். அதற்கென்று கொஞ்சம் குட்டையாகச் செய்த குழலாம் அது. வாய் வைத்து ஊதுகிற வாய்க்கட்டையை வெளியே இழுத்து வைத்தால் ஒரு சுரம் இறங்கி வரும், மற்றொன்று கோணிக்கொள்ளும். தனியாக ஊதினால் தங்கம், பக்கத்தில் இன்னொரு கருவி வந்தால் சண்டை. பொங்கல் கழித்து நடக்கும் முதலாண்டுப் பிள்ளைகளின் கச்சேரிக்குள் வேறு கருவி கொண்டு வராவிட்டால் இந்த ஆண்டு உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். "ஒரு வருஷம் சும்மா உக்காந்து இன்னாப்பா பண்ணுவேன்? வந்துடறேன்" என்றாய்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் கால் நிற்கவில்லை. உன் அம்மா, "வரட்டுமே, பொண்ணு கண்ணு முன்னால இருக்கும்" என்றாள். உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பேரும் உன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வேறு கருவி தேடி ஸ்டேஷனுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. கேம்ப்பில் ஒரு கடையில் புத்தம் புதிதாக ஒன்று வைத்திருந்தார்கள். விலையும் நமக்கு ஒத்து வந்தது. கடைக்காரர் கண்ணாடி போலத் துடைத்து நீட்டினார். துளைகளைத் திறந்து மூடும் சாவி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன், அது வளைந்துகொடுத்தது. மறுபடி அழுத்தினேன், இன்னும் கொஞ்சம் வளைந்தது. "சாச்சா, மெதுவா" என்று அவரே பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். உன் ஒரு வருஷப் படிப்பைக்கூட அது தாங்காது என்று தோன்றியது. இதை நினைவில் வைத்துக்கொள். மலிவான புதுக் கருவியில் பளபளப்புக்குத்தான் செலவு செய்திருப்பார்கள், சாவிக்குச் செய்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கடை வாசலில் நின்ற ஒருவர்தான் காம்ளேயைப் பற்றிச் சொன்னார். தாபோடியில் இருக்கிறார். கல்யாண பேண்டில் வெகுகாலமாக இந்த நேர் சாக்ஸபோன் ஊதியவர். மேல்வரிசைப் பல்லெல்லாம் எடுத்துவிட்டுப் பல்செட் வைத்திருக்கிறார், அதனால் விற்கிறார். அவர் பேசியது இந்தியும் மராட்டியும், நான் தமிழில் எழுதுகிறேன். "அண்ணா, ரெண்டு பாட்டு தாங்கும். மூணாவது பாட்டுக்கு மேல் பல்லு வாயைவிட்டு ஊர்வலத்துல நடக்க ஆரம்பிச்சுடும். அதான் நான் டிரம்முக்குப் போயிட்டேன், அதுக்குப் பல் வேண்டாம்" என்று சிரித்தார். பிறகு துணிப் பையிலிருந்து கருவியை எடுத்தார். தேநீர் வடிகட்டி நிறத்தில் இருந்தது. வாயகன்ற நுனியில் நெளிவு. விரல் படுகிற இடமெல்லாம் பூச்சுப் போய்ப் பித்தளை தெரிந்தது. ஒரு சாவியின் மேல் பதித்த முத்து விழுந்து, அங்கே ஒரு கோட்டுப் பொத்தானை ஒட்டி வைத்திருந்தார். வாய்க்கட்டையில் அவருடைய பழைய பற்கள் இரண்டு குழி போட்டிருந்தன. தொழிற்சாலையாக இருந்தால் நான் சிவப்புப் பொட்டுகூட வைத்திருக்க மாட்டேன், நேராக உருக்கப் போட்டிருப்பேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "யோசிங்க, யோசிங்க. அதுவும் எங்கேயும் ஓடாது, நானும் ஓட மாட்டேன்" என்றார்.

தாபோடி ஸ்டேஷனில் லோக்கலுக்குக் காத்திருந்தபோது பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தேன். வானவடிக் கருவி கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயிற்று. அதில் ஏன் ஒரு கீறலும் இல்லை? இத்தனை காலம் பட்டாளத்தில் இருந்தது ஏன் தேயவில்லை? யாரும் ஊதவில்லை, அதனால் தேயவில்லை. ஏன் யாரும் ஊதவில்லை என்று கேட்க வேண்டிய இடத்தில் நான் கை தடவிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தோட்டா உறையை, யாரும் பயன்படுத்துவதற்கு முன் பார்க்கிறவர்கள் நாங்கள். அதற்கு ஒரே ஒரு தடவைதான் வேலை. அதில் கீறல் என்றால் குற்றம். கருவிக்கு அப்படியில்லை. விரல் படுகிற இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் அந்த விரல் தினமும் அங்கே வந்திருக்கிறது, திரும்பத் திரும்ப வர விரும்பியிருக்கிறது. பேண்டில் பத்துப் பேரோடு நின்று ஊதியவர், சுருதி சேராத கருவியை இத்தனை காலம் வைத்துக்கொண்டு பிழைத்திருக்க முடியுமா? லோக்கல் வந்தது, நான் ஏறவில்லை. பாலத்தடி வழியாகத் திரும்பவும் அவர் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்த காம்ளே, "வண்டி போயிடுச்சா, இல்ல புத்தி வந்துடுச்சா?" என்றார்.

இந்த முறை தனியாக ஊதச் சொல்லிக் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். எனக்கோ சுரம் தெரியாது. தெரிந்தவள் நீ, சென்னையில் இருந்தாய். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் விடுதிப் போன் பக்கத்தில் தோழியின் சின்னக் கீபோர்டை வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னேன். உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். தாபோடியில் ஸ்டேஷன் சாலை எஸ்டிடி பூத், ஒரு ஆள் நின்றால் இன்னொருவர் மூச்சுவிட முடியாத கண்ணாடிக் கூண்டு. காம்ளே பாதி உள்ளே, பாதி வெளியே. நான் அவர் கைக்கடியில் குனிந்து ரிசீவரைக் கருவிக்கு எதிரில் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் சுரம் எழுந்ததும் பூத்துக்காரர் ஸ்டூலிலிருந்து குதித்துவிட்டார்.

"ஓ காகா, பெரியவரே! இது போன் பூத்தா, கல்யாண மண்டபமா?"

"ரெண்டு நிமிஷம் தம்பி. பொருத்தம் பாக்கறோம்" என்றார் காம்ளே, மூச்செடுக்கிற இடைவெளியில்.

"பொருத்தம் பாக்கறப்பவே பேண்டா? பொண்ணு வீட்டுக்காரன் ஓடிடுவான்!"

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். காம்ளேக்கு ஆட்களைப் பார்த்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. நீ கேட்ட சுரத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளை ஊர்வலப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். ஒரு ஆட்டோக்காரர் இறங்கி ஆடினார். நீ அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பா, பாட்டு வேணாம், ஒரே சுரம், நீட்டா!" என்று கத்தினாய். நான் அதை இந்தியில் கத்தினேன். பூத்துக்காரர் அதை மராட்டியில் கத்தினார். அவருக்கும் அதற்குள் ஆர்வம் வந்துவிட்டது. காம்ளே கீழ்ச் சுரம் ஊதினார், தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி வந்தது. நீ, "அது பேட் லீக் ஆவுதுப்பா, துளையை மூடற தோலு. மாத்திக்கலாம். மேல போச் சொல்லுங்க" என்றாய். மேலே போனார். "இன்னொரு தரம்" என்றாய். மறுபடி போனார். உன் கீபோர்டின் சத்தம் எனக்கு மெலிதாகக் கேட்டது, இவர் சத்தம் காதைத் துளைத்தது, இரண்டுக்கும் நடுவில் நான் ஒன்றும் தெரியாதவனாக நின்றேன். அப்புறம் நீ சின்னக் குரலில், "சேருதுப்பா" என்றாய். நான் அதை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஆட்டோக்காரர் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டார்.

பழைய கருவியைப் பற்றிக் கவலைப்படாதே. கேம்ப்பில் ஒரு ஓட்டல்காரர் சுவரில் மாட்டுவதற்காக வாங்கிக்கொண்டார். அங்கே அது அழகாக இருக்கும், யாரோடும் சேர்ந்து பாட வேண்டியதில்லை. அந்தப் பணம் காம்ளேக்குப் போதுமானதாக இருந்தது. தோல் மாற்றியாகிவிட்டது. கீழ்ச் சுரம் இப்போது கொப்பளிக்கவில்லை. வாய்க்கட்டை மட்டும் நீ புதிதாக வாங்கிக்கொள். மற்றவர் பல் குழியில் உன் பல்லை வைக்க வேண்டாம். நெளிவை நான் எடுக்கவில்லை. எடுக்கப் போய்க் குழலின் நீளத்தில் கை வைத்துவிடுவேனோ என்று பயம். ஒன்றை வாங்கும்போது எந்தக் குறையை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று பார்க்க வேண்டும் என்பதைத்தான் இவ்வளவு அலைந்து கற்றுக்கொண்டேன். தோலை மாற்றலாம், பொத்தானை மாற்றலாம். குழலை நீளமாக்க முடியாது. மனிதர்களைப் பற்றியும் இப்படி ஏதாவது எழுதலாம் என்று பேனாவைத் தூக்கினேன். ஆனால் மனிதர்களில் எது தோல், எது குழல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ கண்டுபிடித்தால் எனக்கு எழுது.

இந்த இடத்தில் உன் அம்மா வந்து நின்றாள். "இவ்ளோ நேரமா அந்த ஊதற பாஜாவப் பத்தியே எழுதறீங்களே, நான் சொல்றத எழுதுங்க" என்றாள். அவள் சொல்லி நான் எழுதாமல் விடுவது நியாயமில்லை, எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் சொன்னது இது. அம்மாடி, போன்ல சேருதுன்னு சொன்ன. நேர்ல சேரலன்னா இன்னா பண்ணுவ? மறுபடி எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உனக்கு அந்த வெட்கம் வேணாம். மனசு கஷ்டமா இருந்தா வந்துடு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். வந்துடு.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். தலையாட்டினாள். அவள் கேட்டது சரிதானே. போனில் கேட்டது நேரில் பொய்யாகலாம். காம்ளே ஊதினால் சேருவது நீ ஊதினால் சேராமல் போகலாம். எழுந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். பெட்டியைத் திறந்து மூடினேன். அந்த நேரத்தில்தான் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. காம்ளே. ரீட் எனப்படும் நாணல் பட்டைகளை ஒரு பழைய வெற்றிலைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்திருந்தார். "இத மறந்துட்டேன். இது இல்லாம அது வெறும் குழாய்" என்றார். உன் அம்மா டீ கொடுத்தாள். அவர் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டார். அம்மா அவரிடம் மராட்டியில் கேட்டாள், மனத்தில் இருந்ததை நேராகவே கேட்டாள்.

"நீங்க முதமுதல்ல பேண்டுல போனப்ப உங்க அம்மா எப்படி வீட்ல உக்காந்திருந்தாங்க?"

"எங்க உக்காந்தா?" என்றார் காம்ளே. "ஊர்வலத்துக்குப் பின்னாடியே வந்தா. முதல் சீசன் முழுக்க. கல்யாண வீட்டுக்காரங்க எல்லாம் பட்டுப்புடவை, இவ பழைய நூல்புடவை, கையில சாப்பாட்டு டப்பா. மாப்பிள்ளை குதிரைக்குப் பின்னாடி டப்பாவோட ஒரு கிழவி. பேண்டுக்காரங்க எல்லாரும் சிரிப்பானுங்க. எனக்கு மானமே போயிடும். 'ஆயி, வீட்டுக்குப் போ'ன்னு ஊதிக்கிட்டே கண்ணால மிரட்டுவேன். அவ போக மாட்டா. தப்பா ஊதினா எனக்கே தெரியாது, அவ நடை நிக்கறதப் பாத்துத்தான் தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் சரியா ஊத ஆரம்பிச்சேன். அவ வர்றத நிறுத்திட்டா. இவ்ளோதான்." டீயைக் குடித்துவிட்டுப் பல்லை மாட்டிக்கொண்டார். கிளம்பும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மேலே ஒரு தட்டு தட்டினார். "பொண்ணுகிட்ட சொல்லுங்க, முதல் நாள் தனியா ஊதிப் பாக்க வேண்டாம். நேரா கூட்டத்துல போய் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை உன் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து என் தோளைத் தட்டினாள். "எழுதுங்க" என்றாள். "இன்னா எழுதணும்?" "அவ வர வேணாம். நாம போறோம்." "மேல வந்துடுன்னு எழுதியாச்சே" என்றேன். "அத அடிங்க." நான் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுத்து ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். அதோடு, இரண்டும் அவள் மனத்தில் இருந்து வந்தவை. நீ இரண்டையும் படி.

பொங்கல் கழித்து நாங்கள் சென்னைக்கு வருகிறோம். கருவி சேர்ந்தால் கேட்க வருகிறோம், சேராவிட்டால் உன்னைக் கூட்டிவர வருகிறோம். எப்படியும் டிக்கெட் ஒன்றுதான். அம்மா இப்போதே எந்த டப்பாவில் எதைக் கட்டுவது என்று தட்டுகளை உருட்டிக்கொண்டிருக்கிறாள். பெரிய டப்பாவைத்தான் எடுப்பாள் போலிருக்கிறது. உன் தோழிகள் முன்னால் உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். ஊதும்போது எங்கள் பக்கம் பார்க்காதே.

உன் அப்பா